வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி

1

"உங்கள் சகோதரியின் பிறந்த திகதியை 1989ஆம் ஆண்டுப் படிவத்திலும் 1996ஆம் ஆண்டுச் சத்தியக் கடதாசியிலும் 1939 நவம்பர் 9 என்று குறிப்பிட்டுள்ளீர்கள். தற்போது அனுப்பியுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 1939 நவம்பர் 10 என்று உள்ளது. இந்த முரண்பாட்டுக்கான விளக்கத்தை, தகுந்த ஆதாரத்துடன், இக்கடிதம் கிடைத்து 28 நாட்களுக்குள் அனுப்பவும். பத்திரத்தில் உள்ளவரும் விண்ணப்பதாரியும் ஒருவரே என்று நாம் திருப்தியடைய வேண்டியுள்ளது."

குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த இந்தக் கடிதத்தின் திகதி 1997 மே 20. எனக்குக் கிடைத்தது 22ஆம் திகதி வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது. தமிழாக்கம் என்னுடையது. "திருப்தியடைய" என்பதற்குப் பதிலாக வேறு நல்ல சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு விபரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகேஸ்வரி என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது. அதன்பின் என்னை வளர்த்தவர் அக்கா. ஒரு பெண்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக முப்பது வருடம் வேலை செய்தார். கல்யாணம் செய்யவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வீதியில் இறங்கி நடந்தபோது அவரும் ஒரு பையோடு நடந்தார். அடுத்த வருடம் வவுனியா வழியாகக் கொழும்பு வந்தார். இப்போது வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறார். அங்கே அவருக்கென்று ஒருவரும் இல்லை. ஐயா, அம்மா இல்லை. இருக்கும் ஒரே உடன்பிறப்பு நான், ஒக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிறேன். அவரை இங்கே கூப்பிடுவதற்கு 1996 செப்டெம்பரில் அவர் பெயரில் விண்ணப்பித்தேன். அந்த விண்ணப்பம்தான் ஒரு நாளில் தடக்கி நிற்கிறது.

2

அதே காலத்தில் நான் இன்னொரு குடும்பத்தின் திகதிகளையும் தேடிக்கொண்டிருந்தேன். என்னுடைய குடும்பமல்ல. பக்கத்து வீட்டு ஜோனுடையது.

ஜோனுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் இறந்து ஒன்பது வருடம். கண் மங்கத் தொடங்கியதும் காரை விற்றுவிட்டார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை ஒரு தட்டில் பிஸ்கற் கொண்டுவந்து தந்தவர். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் மனைவி ராணி அதில் வடை வைத்துக் கொடுத்தாள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அது தனக்கு வந்த புதுப் பரிசு என்று நினைத்து ஜோன் மறுபடி தட்டில் கேக் வைத்து அனுப்பினார். அந்தத் தட்டு எட்டு வருடமாக வேலிக்கு அங்கேயும் இங்கேயும் போய்வருகிறது.

எனக்கு இங்கே ஒரு பொதி அனுப்பும் கிடங்கில் வேலை. பொதிகளில் ஒட்டிய முகவரி சரிதானா என்று பார்ப்பது. காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை. ஊரில் நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞன். எல்லைக் கல் ஒன்று அரை அடி விலகினாலும் கண்டுபிடித்துக் கோடு போட்டவன். இங்கே தெருவின் இலக்கம் பிழை என்றால் பொதியைத் தூக்கி வேறு பெட்டியில் போடுகிறேன். பிற்பகலில் எனக்கு நேரம் இருப்பதும், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற குணம் இருப்பதும் ஜோனுக்குத் தெரியும். 1996 யூலையில் ஒரு நாள் வேலிக்கு மேலால் கேட்டார்.

"உன் கண் நல்ல கண்ணா?"

"முகவரி வாசிக்கப் போதும்."

"அப்படியானால் எனக்காகச் சில செத்தவர்களை வாசித்துச் சொல்."

ஜோனின் பூட்டி ஹன்னா விட்லொக். 1854இல் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலிருந்து தமையன் தோமஸுடன் கப்பலேறி அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் துறைமுகத்தில் இறங்கியவள். அங்கே ஒரு வண்டிச்சில்லு செய்பவனைக் கல்யாணம் செய்தாள். ஹன்னாவின் மகன் ஒருவன் 1880களில் கடல் தாண்டி ஒக்லாந்து வந்தான். அவன் வழியில் இப்போது ஒரு நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். 1997 ஒக்டோபரில் எல்லோரும் கூடப்போகிறார்கள்; அதற்கு ஜோன் ஒரு குடும்பப் புத்தகம் எழுதுகிறார். அதன் முதல் அதிகாரத்தின் தலைப்பை ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்: "தாய் தகப்பனில்லாத அண்ணனும் தங்கையும்". கையோடு கை பிடித்துக்கொண்டு பதினையாயிரம் மைல் வந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் நூறு வருடமாகச் சொல்லப்படும் கதை.

நான் நகர நூலகத்துக்கும், ஒரு தேவாலயத்தார் நடத்தும் குடும்ப வரலாற்று நிலையத்துக்கும் போய் மைக்ரோபிலிம் சுருள்களைச் சுற்றத் தொடங்கினேன். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை. வேண்டிய சுருளை எழுதிக் கொடுத்தால் ஆறு, ஏழு கிழமையில் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும். வந்ததும் தொலைபேசியில் சொல்வார்கள். என் கேள்விகளை அங்கே ஒருவரும் சந்தேகிக்கவில்லை. "இவர்கள் உனக்கு என்ன முறை?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு கூலித் தொழிலாளியின் பெயர், வயது, எழுதத் தெரியுமா, வாசிக்கத் தெரியுமா, எந்த ஊர் என்று 1854இல் எழுதிவைத்த பட்டியல் எரியாமல், நனையாமல், கரையான் தின்னாமல் என் கண்முன் ஓடியது. சுருள் சுற்றுகிற நேரங்களில் எனக்கு வந்தது வியப்பு அல்ல. எரிச்சல்தான். என் அக்காவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கள் வீட்டு அலுமாரியோடு போய்விட்டது. கொழும்பில் இருந்த இரண்டாம் பிரதியைத் தேடிப் பிடித்து நகல் எடுக்க அவருக்கு ஐந்து மாதம் சென்றது. ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் பஸ் ஏறிப் போனார். 1997 மார்ச்சில் நகல் வந்தது. நான் அதை வாசித்துப் பார்க்காமல், வந்த மகிழ்ச்சியில், அன்றைக்கே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன் என்று மேலே எழுதியதை வெட்டவில்லை. இருக்கட்டும்.

3

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கடிதம் வந்த அன்றைக்கே அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கற் தகரத்தை இறக்கினேன்.

1988இல் நான் வெளிக்கிடும்போது அக்கா தந்த தகரம் அது. "இஞ்சை கிடந்தால் ஒருநாள் எரிஞ்சு போகும், நீ கொண்டுபோ" என்று எங்கள் இருவரின் சாதகங்களையும் அதில் வைத்துத் தந்தார். அத்தாட்சிப் பத்திரங்களை வைக்கவில்லை. அவை அரசாங்கத்திடம் எப்போதும் எடுக்கலாமே என்றார்.

1989இல் என் நிரந்தர வதிவிடப் படிவத்தில் சகோதரர்களின் பிறந்த திகதியைக் கேட்டிருந்தார்கள். அக்காவுக்கு நட்சத்திரத்தில்தான் பிறந்தநாள் வரும். ஆங்கிலத் திகதியில் நாங்கள் கொண்டாடியதே இல்லை. ஊருக்குத் தொலைபேசி எடுக்க முடியாத காலம். சாதகத்தை எடுத்தேன். பிரமாதி வருடம், ஐப்பசி மாதம், வியாழக்கிழமை என்று இருந்தது. பழைய பஞ்சாங்கக் கணக்கை வைத்து அந்த வியாழன் 1939 நவம்பர் 9 என்று கண்டுபிடித்தேன். அன்று எனக்கு என்மேல் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தத் திகதியையே 1996இல் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்தும் கொடுத்தேன்.

அந்தச் சாதகத்தில் அடுத்த வரியை நான் வாசித்திருந்தேன், கணக்குப் போடவில்லை. "உதயாதி நாழிகை ஐம்பத்திரண்டரை." சூரியன் உதித்து ஐம்பத்திரண்டரை நாழிகை. நாழிகை ஒன்றுக்கு இருபத்துநான்கு நிமிடம். மொத்தம் இருபத்தொரு மணித்தியாலம். வியாழன் காலை ஆறு மணியளவில் உதயம் என்றால் அக்கா பிறந்தது வெள்ளி அதிகாலை மூன்று மணிக்கு. சாதகம் எழுதிய சாத்திரியாருக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில்; உதிக்கும்வரை அது வியாழன். ஊர் அதிகாரியான விதானையாருக்கும் பதிவாளருக்கும் நாள் தொடங்குவது நள்ளிரவில். அவர்களுக்கு அது வெள்ளி. சாத்திரியார் எழுதியது 9. பதிவாளர் எழுதியது 10. இரண்டு பேரும் பிழை எழுதவில்லை. பிழை விட்டது நான் ஒருவன்.

எங்கள் ஊரில் இதைச் சின்னப் பிள்ளையும் குழப்பாது. "வியாழன் இரவு, விடிஞ்சால் வெள்ளி" என்பார்கள். அந்த நாலு சொல்லுக்குள் இரண்டு நாளும் அடங்கும். படிவத்தில் உள்ள கட்டத்துக்குள் அடங்காது.

4

மே 26 திங்கட்கிழமை, அரை நாள் லீவு எடுத்து நகரத்திலுள்ள அந்த அலுவலகத்துக்குப் போனேன். இலக்கம் எடுத்து ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் இருந்தபின் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண். நல்ல மரியாதையான பிள்ளை. அதை முதலில் எழுதிவிட வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"எந்தத் திகதி சரி?" என்று கேட்டார்.

"இரண்டும்."

"இரண்டும் சரியாக இருக்க முடியாதே."

"எங்கள் நாள் காலையில் தொடங்குகிறது."

"எல்லோருடைய நாளும் காலையில்தான் தொடங்குகிறது" என்று சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சாதகத்தை எடுத்துக் கண்ணாடியின் கீழ் இருந்த இடைவெளியால் உள்ளே தள்ளினேன். கட்டங்களைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது எந்த அலுவலகம் வழங்கியது?" என்று கேட்டார்.

சாத்திரியாரை எந்த அலுவலகத்தில் சேர்ப்பது? நான் உறவைப் பற்றிச் சொன்னால் விளங்கும் என்று நினைத்து, அவர் என் சொந்த அக்கா என்றேன். அங்கேதான் வாயால் கெட்டேன்.

"சொந்தம் இல்லாத அக்காவும் உண்டா?"

"நிறையப் பேர்" என்றேன். பெரியப்பாவின் மகள், சித்தியின் மகள், பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்கு எல்லோரும் அக்காதான். உண்மையைத்தானே சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதும்போது முகம் மாறியதைக் கண்டேன். எல்லாவற்றையும் எழுத்தில் விளக்கி அனுப்புமாறு சொன்னார்.

அன்று பின்னேரம் கணினியின் முன்னால் என் மகள் அபியை இருத்தினேன். அவளுக்குப் பதினைந்து வயது. நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். முதல் பந்தியிலேயே நிறுத்தினாள்.

"அப்பா, ஜஸ்ட் ஸே இட் வாஸ் எ மிஸ்டேக். வன் லைன்."

"பிழை எண்டால் எது பிழை? சாதகம் பிழையோ, பத்திரம் பிழையோ?"

"யூ, அப்பா. யூ மேட் எ மிஸ்டேக்."

"சாதகத்திலை உள்ளதைத்தானே நான் எழுதினனான். அதை விளங்கப்படுத்த வேணும்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தாள். அவள் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஆறு வயதில் இங்கே வந்தாள். "உனக்கு உன் மாமியை ஞாபகம் இருக்கோ?" என்று இடையில் கேட்டேன். "ஷீ ஸ்மெல்ட் ஒவ் கெமிக்கல்ஸ்" என்றாள். ஆய்வுகூடத்திலிருந்து வந்த உடையோடு அக்கா தூக்கி வைத்திருந்ததை அவள் மறக்கவில்லை. மறந்தது தமிழை மட்டும். எதற்குச் சந்தோசப்படுவது, எதற்குக் கோபிப்பது என்று தெரியாமல் அடுத்த பந்தியைச் சொன்னேன்.

விளக்கம் நாலு பக்கம் வந்தது. நாழிகைக் கணக்கு, யாழ்ப்பாணத்தின் நெட்டாங்கு, நவம்பர் மாதத்து உதய நேரம், சாதகத்தின் மொழிபெயர்ப்பு, கோயில் ஐயர் தந்த கடிதம் எல்லாம் இணைத்தேன். யூன் 9ஆம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். ராணி அதை வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, ஒரு வரியிலை முடியிற அலுவல். அவங்களுக்கும் சாத்திரம் படிப்பிக்கப் போறியள் போலை."

5

யூன் 14 சனிக்கிழமை ஹன்னாவின் சுருள் வந்தது.

கப்பற் பட்டியலை முன்பே பார்த்திருந்தேன். தோமஸ் விட்லொக், வயது 23, பண்ணைத் தொழிலாளி. ஹன்னா விட்லொக், வயது 20, வீட்டு வேலைக்காரி, மேற்படியாரின் தங்கை. இப்போது வந்தது 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவர்கள் ஊரின் பக்கம். தோமஸ் இருந்தான். வயது 20. தகப்பன் இல்லை, தாய் உயிரோடு இருந்தாள். தம்பிமார் இரண்டு பேர். ஹன்னா என்று ஒருவரும் இல்லை. ஞானஸ்நானப் பதிவில் அந்தத் தாய் தகப்பனின் பிள்ளைகள் எல்லோரையும் தேடினேன். தோமஸுக்குத் தங்கையே இல்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஹன்னா மார்ஷ், வயது 24, கல்யாணமாகாதவள், கையுறை தைப்பவள்.

மார்ஷ் என்ற பெயரை நான் முன்பே கண்டிருக்கிறேன். ஜோன் வீட்டில் ஹன்னாவின் பிரார்த்தனைப் புத்தகம் இருக்கிறது. முதல் தாளில் "ஹன்னா மார்ஷ், அவளுடைய புத்தகம், 1840" என்று ஒரு சிறுமியின் கையெழுத்து. யாரோ சினேகிதி கொடுத்தது என்று அந்தக் குடும்பம் இதுவரை சொல்லிவந்தது. ஞானஸ்நானப் பதிவு 1827 என்று காட்டியது. ஆக, அடிலெயிட் துறைமுகத்தில் இறங்கிய இருபது வயதுத் தங்கை, இருபத்தேழு வயதுப் பக்கத்து வீட்டுப் பெண்.

ஏன் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. அரசாங்கம் செலவை ஏற்றுக் கூட்டிப்போன பயணம் அது. தனியாக வரும் பெண்ணுக்குக் கேள்விகள் கூட. தமையனோடு வரும் இளையவளுக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கலாம். இது என் ஊகம். துறைமுகத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கேட்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். அங்கே ஒருவர் ஹன்னாவைக் கேட்டிருப்பார்: இவன் உனக்கு என்ன முறை? அவள் ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறவர் எழுதியிருக்கிறார். முடிந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை ஜோனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எழுபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் போய், உன் பூட்டி பொய் சொல்லி வந்தவள், அவள் விட்லொக்கே இல்லை, அந்தத் தோமஸ் அவளுக்கு என்னவாக இருந்தானோ தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் ஆட்களாக இருந்தால் என்னை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். அந்தத் தாளையும் கிழித்திருப்பார்கள்.

6

மறுநாள் ஞாயிறு காலை போனேன். தட்டு அப்போது எங்கள் பக்கம் இருந்தது; ராணி உளுந்து வடை வைத்துத் தந்தாள். ஜோனை இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தாளாக வாசித்தேன். தாய் உயிரோடு இருந்ததைச் சொன்னேன். தங்கை இல்லை என்றேன். மார்ஷ் என்றேன். ஏழு வயது குறைத்திருக்கிறாள் என்றேன்.

ஜோன் தாள்களை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கள்ளி!" என்றார். "ஏழு வயது! எனக்கு ஏழு வயது குறைத்துத் தர ஒருவரும் வரவில்லையே."

எழுந்து போய் ஹமில்டனில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். "உட்கார்ந்துகொண்டு கேள். நாங்கள் விட்லொக்கே இல்லையாம். இவன் கண்டுபிடித்துவிட்டான், என் இலங்கைக்காரன்." மறுமுனையிலும் சிரிப்புக் கேட்டது.

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. ஜோன் தொலைபேசியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் அழவேண்டும் என்று எதிர்பார்த்தாயா?"

நான் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்து வாசித்தேன். மே 20ஆம் திகதிக் கடிதத்தை மூன்று கிழமையாகச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். சாதகத்தைப் பற்றி, உதயத்தைப் பற்றி, நாலு பக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"ஒரு நாளா?" என்றார்.

"மூன்று மணித்தியாலம். நள்ளிரவிலிருந்து மூன்று மணிவரை."

"ஹன்னா ஏழு வருடமும் ஒரு தகப்பனையும் மாற்றினாளே."

"ஓம்" என்றேன், தமிழில். என்னையறியாமல் வந்துவிட்டது.

ஜோன் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிய்த்தார். "நாலு பக்கம் எழுதினாயா? ஹன்னா நாலு பக்கம் எழுதியிருந்தால் அவளைக் கப்பலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். நானும் இருந்திருக்க மாட்டேன். அடுத்த தடவை கேட்டால் ஒரு சொல் சொல், வாயை மூடு."

7

அடுத்த தடவை என்னைக் கேட்கவில்லை. யூன் 30ஆம் திகதியிட்ட பதில் வந்தது. "இரண்டு திகதிகளும் சரியானவை என்று தாங்கள் தந்துள்ள விரிவான விளக்கத்தைக் கருத்திற்கொண்டு, விண்ணப்பதாரியைக் கொழும்பில் நேரில் விசாரிக்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது." ஓகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. "விரிவான" என்ற சொல்லின் கீழ் ராணி பென்சிலால் ஒரு கோடு போட்டு, கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். இருபத்தொரு வருட மணவாழ்க்கையில் அதுதான் அவள் போட்ட மிக நீளமான கோடு.

யூலை 13 ஞாயிறு, இங்கே பின்னேரம் ஆறு மணி, அங்கே மதியம் பன்னிரண்டு. சென்ற வருடம் அங்கே அரசாங்கம் மணிக்கூட்டை இரண்டு தடவை மாற்றியது. அதற்கு ஒருவரும் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. அக்கா இருக்கும் வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுத்தேன்.

"அக்கா, அங்கை பிறந்த திகதி கேப்பினம். பத்தாம் திகதி எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நான் பிறந்தது வியாழன் இரவு, விடிஞ்சால் வெள்ளி. அம்மா அப்பிடித்தான் சொல்லுறவா."

"அது சரி. வியாழனைக் கொண்டு வராதேங்கோ."

"ஏன், வியாழன் என்ன பிழை செய்தது?"

"ஒரு பிழையும் செய்யேல்லை அக்கா. மொழிபெயர்க்கிறவர் வியாழனை மட்டும் பிடிச்சுக்கொண்டு ஒன்பது எண்டு சொல்லிப்போடுவார். பிறகு எல்லாம் போச்சு."

"தம்பி, நீதானே ஒன்பது எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தனி?"

"ஓம்."

"இப்ப நான் பத்து எண்டு சொன்னால் உன்ரை சத்தியம் பொய்யாப் போகாதோ?"

பதினொரு வயதில் நான் கணக்கில் ஒரு பூச்சியத்தை விட்டதற்கு முழுக் கொப்பியையும் திருப்பி எழுதவைத்தவர் அவர். திகதியில், எண்ணில், சொன்ன சொல்லில் பிழை விடக்கூடாது என்ற நோய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. வேறு வழியில்லாமல் ஹன்னாவின் கதையைச் சொன்னேன். கப்பல், தோமஸ், ஏழு வயது எல்லாம்.

அக்கா கவனமாகக் கேட்டார். "தமையன் எண்டு சொல்லிக்கொண்டு போனவளோ? பிறகு ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

"இல்லை. நூற்றி நாப்பத்திமூண்டு வருசத்துக்குப் பிறகு நான்தான் பிடிச்சன்."

"உனக்கு வேற வேலை இல்லையோடா? பாவம், அவளை அப்பிடியே விட்டிருக்கலாமே."

"அக்கா, பத்து எண்டு சொல்லுவியளோ?"

"வீட்டுக்காரர் சாப்பிட வந்திட்டினம். வைக்கிறன்."

ஓகஸ்ட் 2 சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மறுபடி எடுத்தேன். விசாரணை இருபது நிமிடம் நடந்ததாம். வெள்ளைக்காரர் ஒருவரும், மொழிபெயர்க்க ஒரு பொடிச்சியும் இருந்தார்களாம். ஐயாவின் பெயர், அம்மாவின் பெயர், வீட்டில் எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம், நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்றெல்லாம் கேட்டார்களாம். தேத்தண்ணி தந்தார்களாம்.

"பிறந்த திகதி கேட்டவையோ?"

"கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்குச் சொன்னன்."

"எந்தத் திகதி, அக்கா?"

"எழுதிப்போட்டினம் தம்பி. இனி என்ன?"

அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. அபி வாங்கித் தருகிறேன் என்று தொலைபேசியைப் பறித்தாள். "மாமி, வாட் டேட்? என்ன டேற்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மறுமுனையில் அக்கா ஏதோ சொல்ல இவள் சிரித்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அப்பாவை மாதிரிக் கேக்கிறாய்" என்றாராம். அதை அவள் தமிழிலேயே திருப்பிச் சொன்னாள்.

ஒக்டோபர் 25ஆம் திகதி ஜோனின் குடும்பம் கூடியது. நாங்களும் போனோம். புத்தகத்தின் முதல் அதிகாரத்தின் தலைப்பை ஜோன் மாற்றியிருந்தார்: "தமையன் அல்லாத தமையனும் ஏழு வயது குறைந்த ஹன்னாவும்". எல்லோரும் எழுந்து நின்று ஹன்னாவின் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். என்னையும் எழுப்பி நன்றி சொல்லிக் கைதட்டினார்கள். நானும் கிளாஸைத் தூக்கினேன். அக்காவின் கோப்பு அன்றைக்கு எந்த மேசையில் கிடந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஜோன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார், "செய்தி ஏதாவது?" இல்லை என்றேன். அதற்கு மட்டும் ஒரு சொல்தான் சொன்னேன்.

இதை எழுதுவது 1997 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு இன்றோ நாளையோ ஐம்பத்தெட்டு வயது முடிகிறது. அந்தப் பின்னறைக்கு இன்னொரு மாத வாடகைத் துண்டு வருமோ, இங்கே வர விசா வருமோ தெரியாது. நேற்று வரைக்கும் முடிவு வரவில்லை. குறிப்புகளை ஒழுங்காக வைத்திருக்கிறேன்: கடிதங்கள் நாலு, பதில்கள் மூன்று, விசாரணை ஒன்று. இவற்றுள் என்னால் உறுதிப்படுத்த முடியாதது ஒன்று மட்டும். 1997 ஓகஸ்ட் 1ஆம் திகதி, கொழும்பில் அந்த அறையில், பிறந்த நாள் எதுவென்று கேட்டபோது அக்கா சொன்னது ஒன்பதா, பத்தா, வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி என்றா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.